செக்கன் முள் வழுக்கினால் ஒரிஜினலா? - மணிக்கூடு பற்றி வாசகர் கேட்டவை

பழைய மணிக்கூடுகள் பற்றி சென்ற இதழில் நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுமாரிக்குள் ஒரு நல்ல மணிக்கூடு இல்லாத வீடு குறைவு போல. ஒன்றில் சவூதியில் இருந்து வந்திருக்கும், இல்லாவிட்டால் சுவிஸில் இருந்து வந்திருக்கும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். படத்தை மட்டும் அனுப்பி “என்ன விலை வரும்?” என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, படத்தைப் பார்த்து விலை சொல்லுகிறவரை நீங்களும் நம்பவேண்டாம்.

சுவிஸில் இருக்கும் சித்தப்பா கோவில் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கு ஒரு ரொலெக்ஸ் டேட்ஜஸ்ட் தந்துவிட்டுப் போனார். செக்கன் முள் டிக் டிக் என்று துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். என்னுடையது வழுக்குகிறது. நம்பலாமா?
*- இளம் ஆசிரியர், ஆரையம்பதி*

அதை வைத்து நம்பாதீர்கள் தம்பி. கொப்பி என்றாலே பற்றரி மெசின் என்றிருந்த காலத்துச் சோதனை அது. முள் உண்மையில் வழுக்குவதும் இல்லை. இன்றைய ரொலெக்ஸ் டேட்ஜஸ்டில் அது செக்கனுக்கு 8 தடவை, அதாவது மணிக்கு 28,800 தடவை துள்ளுகிறது, கண்ணுக்குப் பிடிபடாததால் வழுக்குவது போல இருக்கும். மலிவான சீன ஒட்டோமெற்றிக் (கை அசைவில் தானே சாவி ஏறுகிற) மெசினும் இதே வேகத்தில் ஓடும். மறுபக்கம், டிக் டிக் என்று துள்ளுவதெல்லாம் போலியும் இல்லை. ரொலெக்ஸே 1977 இல் ஒயிஸ்டர்குவாட்ஸ் என்று ஒரு பற்றரி மணிக்கூட்டை விட்டது.

அடுத்ததாகச் சொல்வார்கள், திகதிக்கு மேல் இருக்கிற சின்னக் கண்ணாடி இலக்கத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டவேண்டும் என்று. அது சரிதான், ஆனால் கொப்பிக்காரனும் அதைப் படித்துவிட்டான். சீரியல் இலக்கத்தை இணையத்தில் தட்டிப் பார்ப்பதும் வீண்வேலை, உண்மையான ஒரு இலக்கத்தை எடுத்து ஆயிரம் போலிகளில் பொறிக்க யாராலும் முடியும்.

நான் செய்வது இது. தெரிந்த நகைப் பத்தர் ஒருவரிடம் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். டயலில் உள்ள எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல மணிக்கூட்டில் மை கசியாது, ஒவ்வொரு எழுத்தும் ஒரே தடிப்பில் கூர்மையாக நிற்கும். முட்களின் விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது. மணி முள் 3 இல் நேராக நிற்கிறபோது நிமிட முள் 12 இல் துல்லியமாக நிற்கிறதா, திகதி இலக்கம் சன்னலுக்கு நடுவில் இருக்கிறதா, செயின் கண்ணிகளின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் எங்கேயாவது சுரண்டுகிறதா என்று பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்பதில்தான் தரம் தெரியும், போலிக்காரன் மிச்சம் பிடிக்கிறதும் அதே இடத்தில்தான். பின்பக்கம் கண்ணாடி போட்டு மெசின் தெரிகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். ரொலெக்ஸ் ஒரு சில விலை கூடிய வகைகளுக்கு மட்டும்தான் அப்படிக் கண்ணாடி போடுகிறது.

கடைசி வார்த்தை மூடியைத் திறந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. மூடியின் விளிம்பைச் சுற்றிப் பல்லுப் பல்லாக இருக்கும், அதற்கென்றே ஒரு சாவி உண்டு, அது இல்லாமல் கத்தி முனையால் நெம்ப யாரையும் விடாதீர்கள். உள்ளே மெசினில் ரொலெக்ஸ் பெயரும் மெசின் இலக்கமும் இருக்கவேண்டும், அந்த இலக்கம் மொடலோடு பொருந்தவேண்டும்: மொடல் 16234 என்றால் உள்ளே 3135 மெசின். முகம் தெரிகிற மாதிரிப் பளபளப்பு இருந்தும் பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது.

சித்தப்பாவிடம் “இது உண்மையா?” என்று கேட்பது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். “சேர்விஸ் செய்யிற இடத்தில உத்தரவாதக் கார்ட் கேக்கிறாங்க சித்தப்பா” என்று சொல்லிப் பாருங்கள்.

டயலில் ‘ஜெனீவா’ என்று எழுதிய மணிக்கூடு சுவிஸில் செய்ததா?
*- மாணவி, வாழைச்சேனை*

அப்படிச் சொல்லமுடியாது. ‘ஜெனீவா’ என்று பெயர் போட்ட மலிவு மணிக்கூடுகள் சந்தை முழுக்கக் கிடக்கின்றன, அந்தப் பெயர் மட்டும் எதற்கும் சாட்சி இல்லை. ‘சுவிஸ் மேட்’ என்ற சொல்லுக்குத் தெளிவான சட்டம் இருக்கிறது: மெசின் சுவிஸ் மெசினாக இருக்கவேண்டும், அதை அங்கேயே கூட்டுக்குள் பொருத்தி அங்கேயே கடைசிப் பரிசோதனை செய்யவேண்டும், 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 வீதமாவது சுவிஸில் ஆகியிருக்கவேண்டும். ‘சுவிஸ் மூவ்ட்’ என்றால் மெசின் மட்டும்தான் அந்த நாட்டுச் சரக்கு. போலி செய்கிறவன் ‘சுவிஸ் மேட்’ என்றே அடிப்பான் என்பது தனிக்கதை.

எங்கட வாப்பா ரியாத்தில வேலை செய்யக்குள்ள வாங்கின ராடோ டயஸ்டார் என்னிடம் இருக்கிறது. 12 இற்குக் கீழே உள்ள நங்கூரம் முன்பு ஆடும், இப்போது நின்றுவிட்டது. அதனால் போலி என்று ஒரு கடையில் சொன்னார்கள். விற்றால் நல்ல விலை போகுமா?
*- வியாபாரி, காத்தான்குடி*

கடைக்காரர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார் காக்கா. ராடோவின் ஒட்டோமெற்றிக் மணிக்கூடுகளில் அந்த நங்கூரம் ஒரு சின்ன அச்சில் சுயமாக ஆடுகிற மாதிரித்தான் வைத்திருப்பார்கள். அழுக்கும் காய்ந்த எண்ணெயும் அடைத்தால் நின்றுவிடும். மணிக்கூட்டைச் சேர்விஸுக்குக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டது என்பதற்கு அதை ஒரு அடையாளமாகவே எடுக்கலாம். டயலோடு ஒட்டியோ வரைந்தோ இருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

உங்களுக்கு அதைவிடச் சுகமான ஒரு சோதனை இருக்கிறது. டயஸ்டார் 1962 இல் வந்தது, அதன் மேல்கூடு சாதாரண உருக்கு இல்லை, டங்ஸ்டன் கார்பைட், துளைபோடும் கருவிகளின் முனைக்குப் போடுகிற சாமான். கண்ணாடி சஃபையர். செயின் மட்டும் சாதாரண உருக்கு. ஆகவே பல வருடம் கட்டிய உண்மையான டயஸ்டாரில் செயினும் கொளுக்கியும் கீறி மங்கிப்போய் இருக்கும், முகப்பு மட்டும் நேற்று வாங்கியது போல மினுங்கும். இரண்டும் ஒரே அளவில் கீறியிருந்தால் அது டயஸ்டார் இல்லை. ஒன்று கவனம், அந்த உலோகம் கீறாதே தவிர உடையும். சீமெந்துத் தரையில் விழுத்திவிடாதீர்கள்.

விலைக்கு வருவோம். பெரிதாக ஒன்றும் வராது. இங்கேதான் கனபேர் குழம்புகிறார்கள்: தரம் வேறு, பெறுமதி வேறு. அந்த ராடோவின் வேலைப்பாட்டில் நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அது ஏராளமாக விற்ற மணிக்கூடு, தேடி அலைகிறவர்கள் குறைவு. தேவை இல்லாத இடத்தில் தரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. விற்கிற யோசனையை விட்டுவிட்டு சேர்விஸ் செய்து நீங்களே கட்டுங்கள்.

கணவர் வெளிநாட்டில் வாங்கிய ஒமேகா, மஞ்சள் நிறம், பின்னால் ‘கோல்ட்’ என்று எழுதியும் இருக்கிறது. அடகு வைக்கப் போனால் தங்கமே இல்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
*- இல்லத்தரசி, கல்முனை*

‘கோல்ட்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள் தங்கச்சி. ‘பிளேற்றட்’, ‘ஃபில்ட்’, ‘கப்ட்’, அல்லது ‘20 மைக்ரோன்’ என்று ஏதாவது இருந்தால் மேலே தங்கப் பூச்சோ தகடோதான், உள்ளே வேறு உலோகம். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். கூட்டில் செயின் பூட்டுகிற கொம்புகளின் நுனியையும் கைச்சட்டை உரசுகிற ஓரத்தையும் பாருங்கள், பூச்சு என்றால் அங்கேதான் முதலில் தேய்ந்து வெள்ளையோ செம்போ எட்டிப்பார்க்கும்.

சுவிஸில் செய்த கெட்டித் தங்கக் கூடு என்றால் 750 அல்லது 18 கரட் என்ற அடையாளத்தோடு சுவிஸ் அரசின் முத்திரையும் இருக்கும். 1995 முதல் அது ஒரு சென்ட் பேர்னாட் நாயின் தலை. அதற்கு முந்தியவற்றில் 18 கரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 கரட்டுக்கு அணில். அணிலைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூக்கிப்போடாதீர்கள், அதுவும் தங்கம்தான்.

அடகுக் கடையில் மெசினுக்கும் பெயருக்கும் காசு இல்லை, தங்கத்துக்கு மட்டும்தான். மெசினையும் கண்ணாடியையும் கழித்துக் கூடு மட்டும் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 கரட்டில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம், அதாவது 22.5 கிராம் பசும்பொன். நம்முடைய 22 கரட் நகைக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 24.5 கிராம், மூன்று பவுணுக்குக் கொஞ்சம் மேலே. கூடு மெல்லியதென்றால் இதில் பாதியும் தேறாது. கெட்டித் தங்கம் என்று உறுதியானால் உருக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஓடுகிற தங்க ஒமேகாவுக்கு மணிக்கூடு சேர்ப்பவர்களிடம் தங்க விலையைவிடக் கூடக் கிடைக்க இடமுண்டு. உருக்கினால் அது இல்லை.

ரொலெக்ஸ் வாங்கிப் பூட்டி வைத்தால் காணியைவிட வேகமாக விலை ஏறுமாம். ஒரு ஏக்கர் வயலை விற்று ஒன்று வாங்க யோசிக்கிறேன்.
*- ‘யோசிப்பவன்’, அக்கரைப்பற்று*

வயலை விற்காதீர்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த ரொலெக்ஸ் டேடோனா 2017 இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேலே போனது. 2019 இல் ஜெனீவாவில் ஒரு தர்ம ஏலத்துக்காக ஒன்றே ஒன்று செய்த பட்டேக் பிலிப் 3 கோடியே 10 இலட்சம் பிராங்குக்குப் போனது. முதலாவதில் விலை போனது கட்டிய கை, இரண்டாவதில் ‘உலகத்தில் ஒன்றுதான்’ என்பது. நீங்கள் வாங்கப்போவதில் இரண்டும் இல்லை.

கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்குவதுதான் பெரும்பாலான ஆடம்பர மணிக்கூடுகளின் விதி. விதிவிலக்கு ஒரு சிறு கூட்டம்: ரொலெக்ஸின் சில உருக்கு மொடல்கள், பட்டேக்கின் நோட்டிலஸ், ஓடமார் பிகேயின் ரோயல் ஓக். இவற்றை ஆட்கள் கேட்கிற அளவுக்குக் கம்பனி செய்வதில்லை, அதனால் பழையது புதியதைவிட விலை போகிறது. அந்த விலையும் 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு சறுக்கியது, உச்சியில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருக்கிறார்கள். மேலே கல்முனைத் தங்கச்சிக்குத் தங்கக் கணக்குச் சொன்னேனே, அதற்கு நேர் எதிரான கதை இது: ரோயல் ஓக் 1972 இல் வந்தபோது வெறும் உருக்குக் கூட்டோடு தங்க மணிக்கூடுகளைவிடக் கூடுதலான விலையில் விற்றார்கள், ஊர் சிரித்தது, இன்று அந்த உருக்குக்குத்தான் வரிசை. எது ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இன்னொன்று, வயல் நிற்கிற இடத்தில் நிற்கும். மணிக்கூடு ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருக்கால் எண்ணெய் மாற்றவேண்டும், அந்தச் செலவு நம் ஊரில் ஒரு நல்ல புது மணிக்கூட்டின் விலை.

அப்பாவின் சாவி கொடுக்கிற பழைய சுவிஸ் மணிக்கூடு, 17 ஜுவல்ஸ் என்று இருக்கிறது. உள்ளே இருக்கும் சிவப்புக் கல் மாணிக்கம், கழற்றி விற்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். டயலும் மஞ்சளாகிப் போச்சு, புதிதாக அடித்துத் தருகிறேன் என்கிறார்.
*- ஓய்வுபெற்ற அதிபர், களுவாஞ்சிகுடி*

ஐயா, முதலில் அந்த ஆளிடமிருந்து மணிக்கூட்டைத் திருப்பி வாங்குங்கள்.

கல் மாணிக்கம்தான், ஆனால் மண்ணில் எடுத்தது இல்லை, உலையில் செய்தது. வெர்னெய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902 இல் அந்த முறையை வெளியிட்ட பிறகு அது மலிவுச் சாமான். சக்கரங்களின் அச்சு சுழலுகிற இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்காமல் இருக்கப் போடுகிறார்கள், அவ்வளவுதான். சாவி கொடுக்கிற மணிக்கூட்டுக்கு 17 கல் நிறைவு. ஒட்டோமெற்றிக் என்றால் 21, 25 என்று கூடும். அதற்கு மேலே போனால் பெரும்பாலும் விளம்பரம். ஓரியன்ட் கம்பனி ஒரு காலத்தில் 100 கல் மணிக்கூடே விட்டது. கல்லின் தொகையைப் பார்த்து விலை மதிக்காதீர்கள்.

டயலைத் தொடவே வேண்டாம். மஞ்சளான சொந்த டயலுக்குச் சேர்ப்பவர்கள் கொடுக்கும் காசில் பாதிகூடப் புதிதாக அடித்த டயலுக்குக் கிடைப்பது கஷ்டம். திரும்ப அடித்ததை லென்ஸில் பார்த்தால் உடனே பிடிபடும், எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் முனையில் கோணும். கூட்டை மினுக்குவதும் அப்படித்தான், கொம்புகளின் கூர் விளிம்பு ஒருமுறை உருண்டு போனால் அதைத் திருப்பி எடுக்கமுடியாது.

முட்களிலும் இலக்கங்களிலும் பச்சையாகவோ கபிலமாகவோ பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அறுபதுகளுக்கு முந்தியதென்றால் அது இருட்டில் ஒளிரப் போட்ட ரேடியமாக இருக்கலாம். வெளிச்சம் செத்துப்போனாலும் கதிர்வீச்சு சாகாது. டயலின் அடியில் ‘சுவிஸ்’ என்பதன் இரு பக்கமும் ஆங்கில ‘T’ எழுத்து இருந்தால் ட்ரிட்டியம், அது ரேடியத்தைவிட எவ்வளவோ சாது.

‘50 மீற்றர்’ என்று எழுதியிருக்கு. கட்டிக்கொண்டு அலையில் இறங்கலாமா?
*- அலைச்சறுக்கு பழகுகிறவர், பொத்துவில்*

அறுகம்பை அலையில் வேண்டாம். அது ஆய்வுகூடத்தில் அசையாத அழுத்தத்தில் சோதித்த கணக்கு. 30 என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் அமைதியான தண்ணீரில் கொஞ்சம் நீந்தலாம். கடலுக்கு 100 இற்கு மேலே, திருகி மூடுகிற சாவிக் குமிழோடு இருக்கவேண்டும். அதுவும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நல்லதாக இருந்தால்தான். நம் கரையில் உப்புக் காற்றும் புழுக்கமும் அதைக் கெதியாகக் கெடுக்கும். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணாடிக்குள் பனிப்புகார் பிடித்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், வெயிலில் காய வைத்து வித்தை காட்டவேண்டாம்.

மாப்பிள்ளைக்குப் போட ஒரு பிராண்ட் மணிக்கூடு வேண்டும், ஆனால் அவ்வளவு வசதி இல்லை. ‘மாஸ்டர் கொப்பி’ ரொலெக்ஸ் ஒன்று கிடைக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?
*- பெண்ணின் தாய், செங்கலடி*

அக்கா, மாப்பிள்ளைக்குத் தெரியும். முதல் தடவை சேர்விஸுக்குக் கொடுத்த அன்றைக்கு மூடியைத் திறந்தவர் சொல்லிவிடுவார், அது உங்கள் மகளின் காதுக்கு வரும். ‘மாஸ்டர் கொப்பி’ என்பதற்குப் பொருள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய போலி என்பதுதான்.

அதே காசுக்கு உண்மையான சீக்கோ ஒட்டோமெற்றிக், அல்லது வெளிச்சத்தில் ஓடுகிற சிற்றிசன் ஈக்கோ டிரைவ் வரும். பில்லும் உத்தரவாதமும் தருகிற கடையில் வாங்குங்கள். கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் டிசோ இருக்கிறது, சுவிஸ் என்ற பெயரும் வந்துவிடும். பழைய சீக்கோ 5 என்று கண்ணைப் பறிக்கிற நிற டயலோடு மலிவாக விற்பதைத் தவிருங்கள், பல மணிக்கூட்டின் பாகங்களைக் கூட்டி டயலுக்குப் பெயின்ற் அடித்தவை அவை. பின்மூடியில் உள்ள சீரியலின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ‘புதுசு’ என்று விற்கிறவர் சொல்லுகிற வருடத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

திடீரென்று என் ஒட்டோமெற்றிக் நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது. போலியோ?
*- வங்கி ஊழியர், கல்லடி*

காந்தம் பிடித்திருக்கும். ஃபோன் கவரின் காந்தம், ஸ்பீக்கர், கைப்பை கொளுக்கி, ஏதோ ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். உள்ளே முடி போன்ற சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மணிக்கூடு ஓட்டம் பிடிக்கும். ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து பக்கத்தில் கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் அதேதான். காந்தம் எடுக்கிற சின்னக் கருவி திருத்துகிறவரிடம் இருக்கும், சில செக்கன் வேலை. அதற்கு முழுச் சேர்விஸ் காசு கேட்டால் வேறு கடைக்குப் போங்கள்.